போன ஐப்பசியில் வந்த காய்ச்சல்

1993-ல் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்து வெள்ளம் வந்தபோது தேனி தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை, மதுரையோடுதான் இருந்தது. வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரி வெளியே போட்டுவிட்டு ஜனங்கள் வயலுக்குத் திரும்பினார்கள். அதற்கும் பிறகு, 1994-ல், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரே சாயலில் கண்கள் வரத் தொடங்கின. சிவப்பு, வலி, மங்கல். ஸ்லிட் லேம்ப்பில் பார்த்தால் முன்னறை நிறைய செல்கள், சிலருக்கு ஹைப்போபியான், விட்ரியஸில் கிழிந்த கொசுவலை தொங்குவதுபோல் கலங்கல், விழித்திரைச் சிரைகளை ஒட்டி வெள்ளை உறை. வந்தவர்களில் உழைக்கும் வயது ஆண்களே மிகுதி.

ஒன்றிரண்டு பேர் என்றால் 'காரணம் தெரியாத யுவியைட்டிஸ்' என்று சீட்டில் எழுதி, ஸ்டீராய்டு சொட்டு கொடுத்து அனுப்பியிருப்போம். நம் துறையில் இதைவிட வசதியான சொல் வேறு இல்லை. ஆனால் அங்கே டாக்டர் எஸ்.ஆர். ரத்தினமும் டாக்டர் பி. நம்பெருமாள்சாமியும் அவர்களுடைய அமெரிக்க சகாக்களும் ஒரே பருவத்தில் ஏன் இத்தனை கண்கள் என்று தேடிப்போனார்கள். ரத்தத்தில் லெப்டோஸ்பைராவுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. எலிக்காய்ச்சல். 1997-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆப்தால்மாலஜியில் அந்தக் கட்டுரை வெளியானது: 73 நோயாளிகள், 111 கண்கள். 38 பேருக்கு இரண்டு கண்ணிலும். 106 கண்களில் பேன்யுவியைட்டிஸ், 57-ல் சிரைகளைச் சுற்றிய அழற்சி, 14-ல் ஹைப்போபியான். அடுத்த ஆண்டே முன்னறை நீரில் லெப்டோஸ்பைராவின் டி.என்.ஏ. இருப்பதைக் காட்டிய கட்டுரையும் வந்தது.

அடால்ஃப் வெய்ல் ஜெர்மனியில் இந்த நோயை விவரித்தது 1886-ல். குதிரைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்து பார்வையைப் பறிக்கும் கண் அழற்சியில் லெப்டோஸ்பைராவின் பங்கு கால்நடை மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். மாட்டு டாக்டருக்குத் தெரிந்தது நமக்கு உறைக்க ஒரு வெள்ளம் வரவேண்டியிருந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனாலும் ரொம்ப மிகை இல்லை.

முப்பது வருடத்துக் கதையை இப்போது எதற்குக் கிளறுகிறேன் என்றால், இதை 'வெள்ளம் வந்தால் வரும் நோய்' என்று நாம் மனதில் முடிச்சுப்போட்டு வைத்துவிட்டோம். கம்பம் பள்ளத்தாக்குக்கு வெள்ளம் தேவையே இல்லை. லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளைகிறது. அப்படியென்றால் வருடத்தில் இரண்டு முறை தொழி உழவு, நடவு, களையெடுப்பு. முழங்கால் அளவு சேற்றில் வெறுங்கால். விரலிடுக்கில் சேற்றுப்புண் இல்லாத ஒரு நடவுக்காரரை நான் பார்த்ததில்லை. வரப்பில் எலி வளை. வீட்டோரம் மாடு. எலி, மாடு இவற்றின் சிறுநீரில் வெளியேறும் கிருமி ஈர மண்ணில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். உள்ளே நுழைய அதற்கு ஒரு கீறல் போதும். சேற்றுப்புண் அகலமான கதவு.

வயலை விட்டால் மலை. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களை நாமெல்லாம் பார்க்கிறோம். ஈரச் சருகு, அட்டைக் கடி, ஓடைத் தண்ணீர். அங்கே காய்ச்சல் கண்டால் அங்கேயே ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து குணமாகி இறங்கிவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு மலைக்கு அந்தப் பக்கமே தங்கிவிடுகிறது. கண் மட்டும் நம் பக்கம் வருகிறது.

அதுவும் உடனே வருவதில்லை. சில வாரங்களிலும் வரலாம், ஆறு மாதம் கழித்தும் வரலாம், அதற்கு மேலும் ஆகலாம். காய்ச்சல் வந்த நேரத்தில் கண் வெள்ளை மஞ்சளாக இருந்தால் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்திருப்பார், பத்தியம் இருந்திருப்பார், சரியாகியிருக்கும். அந்தக் கணக்கு அவரைப் பொறுத்தவரை முடிந்தது. இப்போது கண் மங்குவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் ஏன் நினைக்கவேண்டும்?

ஆகவே கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'வேற ஏதாவது வியாதி இருக்கா?' என்று கேட்டால் 'ஒண்ணும் இல்ல சார்' என்பதுதான் பதில். அவர் பொய் சொல்லவில்லை. நான் இப்போதெல்லாம் மாதத்தைச் சொல்லிக் கேட்கிறேன். 'அண்ணே, போன ஐப்பசி கார்த்திகையில காய்ச்சல் கண்டு படுத்தீங்களா? கெண்டைக்கால் சதை பிடிச்சு இழுத்துச்சா? அப்ப கண்ணு செவந்திருந்துச்சா? காமாலைன்னு யாராவது சொன்னாங்களா?' இவ்வளவுக்கும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர்கூட 'எத்தனை நாள் வேலைக்குப் போகலை?' என்று கேட்டால் நின்று யோசிக்கிறார். கூலிக்காரர் காய்ச்சலை மறப்பார், போன கூலியை மறக்கமாட்டார். பதினோரு நாள் என்று சுத்தமாகச் சொல்வார்.

லெப்டோ கண்ணுக்கென்று ஒரு முகம் உண்டு. திடீரென்று வரும், கிரானுலோமா வகை அல்ல, முன்னறையும் விட்ரியஸும் சேர்ந்து கலங்கும், ஆப்டிக் டிஸ்க் சிவந்திருக்கும், சிரைகளைச் சுற்றி உறை இருக்கும், கோராய்டு பெரும்பாலும் தப்பிவிடும். சிலருக்குக் கண்புரை வேகமாக முற்றும். ஹைப்போபியான் இருந்தால் எச்.எல்.ஏ. பி27 என்றும், பெஹ்செட் என்றும், உள்ளிருந்து வந்த எண்டாப்தால்மைட்டிஸ் என்றும் மனம் மூன்று பக்கம் ஓடும். சோதனையிலும் கவனம் வேண்டும்: காய்ச்சல் நேரத்துக்கு ஐ.ஜி.எம். எலைசா உதவும், கண் வரும் காலத்தில் அது அடங்கிப்போயிருக்கலாம். மைக்ரோஸ்கோப்பிக் அக்ளூட்டினேஷன் டெஸ்ட் நம்பகமானது, ஆனால் எல்லா லேபிலும் கிடைக்காது. நம் ஊர் மாதிரி நோய் புழங்கும் இடத்தில் பழைய ஆன்டிபாடி இருப்பதை மட்டும் வைத்து முத்திரை குத்துவதும் தவறு. கண்ணின் முகமும் காய்ச்சலின் கதையும் ரத்தமும் மூன்றும் ஒத்துவரவேண்டும். ஒத்துவந்தால் ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும், பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். யுவியைட்டிஸ் உலகத்தில் இது அபூர்வமான நல்ல செய்தி.

இந்த நல்ல செய்திதான் என்னை ஒருமுறை கவிழ்த்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஐம்பது கடந்த விவசாயி. ஒற்றைக் கண்ணில் இரண்டு நாளாக வலி, மங்கல். ஹைப்போபியான், விட்ரியஸ் கலங்கல். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்ததா என்றேன்; வந்தது என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வலது தோள்பட்டை வலிக்கிறது என்றார். மண்வெட்டி பிடிக்கிற கைதானே என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை என்றதை அவர் மனைவி சொன்னார்; நான் எழுதக்கூட இல்லை. ஸ்டீராய்டு ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் கண் முழுக்கச் சீழ், இமை வீங்கி, உடம்பில் குளிர் நடுக்கம். பொது மருத்துவர் வயிற்றில் அல்ட்ராசவுண்ட் வைத்தார்: கல்லீரலின் வலது மடலில் சீழ்க்கட்டி. சர்க்கரை முன்னூறுக்கு மேல். இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். உயிர் தப்பியது. கண்ணை எடுக்கவேண்டி வந்தது. தோள்பட்டை வலி மண்வெட்டியால் வந்ததல்ல, உதரவிதானத்துக்குக் கீழே இருந்த கட்டி அனுப்பிய வலி. எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடத்தில் படித்ததுதான்.

கல்லீரல் சீழ்க்கட்டியிலிருந்து க்ளெப்சியெல்லா ரத்தம் வழியாகக் கண்ணுக்கு வந்துசேர்வதைத் தைவான் மருத்துவர்கள் 1986-லேயே எழுதிவிட்டார்கள். அந்த நோயாளிகளில் சர்க்கரைக்காரர்கள் மிகுதி. பிறகு கிழக்காசியா முழுவதிலிருந்தும் அதே கதை வந்தது. இதில் நம்மை ஏமாற்றுவது என்னவென்றால், வயிறு சும்மா இருக்கும். காய்ச்சல் லேசாக இருக்கும். கண்தான் முதலில் கத்தும். சிறுநீர்ப் பாதைத் தொற்று, இதய வால்வுத் தொற்று, ஆறாத கால்புண், டயாலிசிஸ் குழாய் என்று புறப்படும் இடம் எதுவாகவும் இருக்கலாம்.

ஆகவே கண்ணில் அறுவை சிகிச்சையோ அடியோ நேராத ஒருவருக்கு ஹைப்போபியானும் விட்ரியஸ் கலங்கலும் சேர்ந்து வந்தால், அது சீழ் இல்லை என்று நிரூபணமாகும் வரை சீழ் என்றே வைத்துக்கொள்வோம். விரல் குத்திச் சர்க்கரை பார்க்க ஒரு நிமிடம். உடல் வெப்பநிலை பார்க்க இன்னொரு நிமிடம். கண் மருத்துவமனைகளில் தெர்மாமீட்டரைத் தேடித்தான் எடுக்கவேண்டியிருக்கிறது, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் ஏற்றுவதற்கு முன் ரத்தக் கல்ச்சர், சிறுநீர்க் கல்ச்சர், வயிற்று அல்ட்ராசவுண்ட். விட்ரியஸ் மாதிரி எடுத்த கையோடு வான்கோமைசின் 1 மி.கி., செஃப்டாசிடிம் 2.25 மி.கி., தலா 0.1 மி.லி. கண்ணுக்குள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கண்ணுக்குள் போடும் ஊசி கல்லீரல் கட்டிக்குப் போய்ச் சேராது என்பதைத்தான் அவசரத்தில் மறக்கிறோம். அன்றைக்கே பொது மருத்துவர் பார்க்கவேண்டும், நாளைக்கு அல்ல.

கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி நம் ஊர் வழக்கத்தைத் தொட்டது. அசதி என்றால், காய்ச்சல் என்றால், சில சமயம் திருவிழாவுக்கு மறுநாள் உடம்பு வலி என்றாலும், 'ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க' என்று வந்து நிற்பவர்கள் உண்டு, ஏற்றிவிடுபவர்களும் உண்டு. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் 2000-ல் எழுதிய கட்டுரை ஒன்றைக் கட்டாயம் தேடிப் படியுங்கள். எதிர்ப்புச் சக்தியில் குறையில்லாத ஆட்களுக்குக் கண்ணுக்குள் பூஞ்சை. பின்னால் தேடிப்போனால் மாசுபட்ட டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில். பூஞ்சை மெதுவாக வரும், சிவப்பு அதிகம் இராது, விட்ரியஸில் பஞ்சு உருண்டைகள் போல மிதக்கும், ஸ்டீராய்டு கொடுத்தால் முதலில் சற்றுத் தெளிந்ததுபோல் காட்டி ஏமாற்றும். 'ரெண்டு மூணு மாசத்துக்குள்ள எங்கயாவது குளுக்கோஸ் ஏத்துனீங்களா?' என்று கேட்க வேண்டும், அதுவும் குற்றம் சாட்டும் தொனி இல்லாமல். ஏற்றியவர் அநேகமாக அவருக்குச் சொந்தக்காரராகவோ தெரிந்தவராகவோ இருப்பார். மிரட்டிக் கேட்டால் வாயைத் திறக்கமாட்டார்.

அக்கி விஷயம் வேறு மாதிரி. நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம், இமை வீக்கம். செம்மண் காவியால் அக்கி எழுதிக்கொண்டு, அந்தக் கோலத்தோடேயே நம் முன் உட்காருகிறார்கள். காவியைப் பார்த்து எரிச்சல்படுவதில் பயனில்லை; எழுதியவர் நோயை அடையாளம் கண்டிருக்கிறார், நமக்கு அதுவே பாதி வேலை. மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் கண்ணுக்குள் இறங்கும் வாய்ப்பு அதிகம், அது பாடம். ஆனால் உட்கார்ந்திருப்பவருக்கு வயது எழுபதா, இருபத்தெட்டா? எழுபது என்றால் வயோதிகம் என்று விடலாம். இருபத்தெட்டுக்கு அக்கி ஏன் வந்தது? தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரவல் கூடுதலாக இருந்த மாவட்டங்களில் தேனியும் ஒன்று என்பதை இங்கே தொழில் செய்யும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இளம் வயதில் கண் அக்கி என்பது பலருக்கு எச்.ஐ.வி.யின் முதல் தடயம். அந்த நிலையில் கண்டுபிடித்தால் ஏ.ஆர்.டி. மாத்திரையில் ஒரு முழு ஆயுள் மிச்சம். விழித்திரையில் சைட்டோமெகலோவைரஸ் வந்த பிறகு கண்டுபிடித்தால் அது மிகவும் பிந்தியது.

இங்கே நாம் தயங்குகிறோம், தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. சின்ன ஊர். நம் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணும் நோயாளியும் ஒரே தெருவாக இருப்பார்கள். அதனால்தான் சீட்டில் எழுதிக் கூடத்தில் கூப்பிட்டுச் சொல்லாமல், கதவைச் சாத்திவிட்டு, 'இந்த வயசுல அக்கி வந்தா ரத்தத்துல சில டெஸ்ட் பார்க்கிறது வழக்கம், நம்பிக்கை மையத்துல இலவசமா, ரகசியமா பார்ப்பாங்க, உங்களுக்குச் சம்மதமா?' என்று கேட்கவேண்டும். சம்மதம் இல்லாமல் எடுப்பது 2017 எச்.ஐ.வி. சட்டத்தின்படியும் தவறு. சர்க்கரை டெஸ்ட்டோடு சேர்த்துச் சத்தமில்லாமல் எடுத்துவிடும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது, அதை நிறுத்திக்கொள்வோம்.

கறுப்புப் பூஞ்சையைப் பற்றி 2021-ல் போதுமான அளவு பேசிவிட்டோம். இந்தியா முழுவதிலுமிருந்து தொகுத்த 2,826 நோயாளிகளில் 78 சதவீதம் சர்க்கரைக்காரர்கள், 87 சதவீதம் பேர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் என்ற கணக்கும் எல்லோருக்கும் நினைவிருக்கும். கோவிட் போய்விட்டது. சர்க்கரை போகவில்லை. ஒரு பக்கக் கன்னம் மரத்து, பல் வலித்து, இமை தொங்கி ஒருவர் வந்தால் வாயைத் திறந்து அண்ணத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டுமாவது நம்மிடம் தங்கியிருக்கட்டும்.

இத்தனையிலும் நம் கைக்கு வருமுன்பே ஒரு கை விளையாடியிருக்கும். மெடிக்கலில் கேட்டவுடன் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லி வாங்கிப் பத்து நாள் ஊற்றிவிட்டு வருகிறவரின் கண் தன் முகத்தை மாற்றிக்கொண்டிருக்கும். லெப்டோ சற்று அடங்கியிருக்கும், பூஞ்சை பரவியிருக்கும், சீழ் ஒளிந்திருக்கும். காலி பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பதும் பரிசோதனையில் சேர்த்திதான்.

நம் மாவட்டத்துக்கு வேறெங்கும் எளிதில் இல்லாத ஒரு வசதி உண்டு. அரவிந்த் தன் பார்வை மையங்களை 2004-ல் தொடங்கியது தேனிப் பகுதியில்தான். அம்பாசமுத்திரம், போடி, சின்னமனூர், ஆண்டிபட்டி, பெரியகுளம் மையங்களைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் உதவியுடன் நெடுந்தூர வைஃபை மூலம் தேனி மருத்துவமனையோடு இணைத்து, டாக்டர் அங்கிருந்தே நோயாளியிடம் பேச முடிந்தபோது, அது உலகம் திரும்பிப் பார்த்த காரியம். இன்று செல்போன் வந்த பிறகு அது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் சிவந்த கண்ணை முதலில் பார்க்கிறவர் பெரும்பாலும் நாம் அல்ல, இப்படிப்பட்ட மையங்களிலும் முகாம்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கும் கண் பணியாளர்தான். அவரிடம் இருக்கும் படிவத்தில் பார்வை அளவுக்கு இடம் உண்டு, கண் அழுத்தத்துக்கு இடம் உண்டு, கண்ணாடிக்கு இடம் உண்டு. 'கடந்த ஒரு வருடத்தில் காய்ச்சல், எந்த மாதம், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, என்ன வேலை, எங்கே' என்பதற்கு ஒரு வரி சேர்த்தால் காகிதச் செலவு கூடாது. அவர் அதே ஊர்க்காரர், அதே பேச்சு. நம்மைவிட அவருக்கு உண்மையான பதில் கிடைக்கும்.

திரும்பி வரும் கடிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண் மருத்துவர் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ தனியார் மருத்துவருக்கோ அனுப்பும் சீட்டில் 'உடல்நல ஆலோசனைக்கு' என்று மட்டும் எழுதினால், அங்கே இருப்பவர் என்னதான் தேடுவார்? 'உள்ளிருந்து வந்த எண்டாப்தால்மைட்டிஸ் என்று சந்தேகம். கல்லீரல், சிறுநீரகம், இதய வால்வு பார்க்கவும். ரத்தக் கல்ச்சர் எடுத்தாயிற்று' என்று எழுதினால் ஒரு நாள் மிச்சமாகும். அவரும் கண்டதைத் திருப்பி எழுதவேண்டும். இருவருக்கும் நடுவில் நோயாளி, கையில் இரண்டு பிளாஸ்டிக் பையோடு, இரண்டு டாக்டர்களின் வாய்மொழியையும் சுமந்துகொண்டு பஸ்ஸில் அலைவது இன்றைக்கும் நடக்கிறது.

அடுத்த இதழில் இந்தப் பள்ளத்தாக்கின் யுவியைட்டிஸ் நோயாளிகளைப் பற்றி வாசகர்கள் எழுதி அனுப்பும் குறிப்புகளுக்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். நோயாளியின் பெயரும் ஊரும் வேண்டாம். வயது, தொழில், காய்ச்சல் வந்த மாதம், கண் வந்த மாதம், சர்க்கரை அளவு, கடைசியில் என்ன என்று தெரிந்தது, இவை போதும். தப்பாகப் போனவற்றையும் அனுப்புங்கள். என்னுடையதை முதலில் வைத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு மையத்திலிருந்து கண் பணியாளர் ஒருவர் அனுப்பிய சீட்டு என் மேஜையில் இருக்கிறது. பார்வை, கண் அழுத்தம் எல்லாம் முறைப்படி நிரப்பியிருக்கிறார். அதற்குக் கீழே, கட்டத்துக்கு வெளியே, பேனாவால் ஒரு வரி: 'மூணு மாசம் முன்னாடி ஏலத்தோட்டத்துல காய்ச்சல், ஒன்பது நாள் வேலைக்குப் போகல, கால்ல புண்ணு இருந்துச்சாம்.'